புதுப்பள்ளியில் நாலு நாள்: 9,044 ஓட்டைத் தேடி

நாள் 1: வெள்ளி, 26 ஜனவரி 2024. கம்பம் - கோட்டயம்

காலை ஆறரைக்குக் கம்பத்தில் பஸ் ஏறினேன். லோயர் கேம்ப் தாண்டி மலையேறும்போதே காது அடைத்துக்கொண்டது. சபரிமலை நடை சாத்தி நாலைந்து நாள்தான் ஆகிறது, ஆனாலும் குமுளியில் அந்தக் கூட்டமெல்லாம் எங்கே போனது என்று கேட்கும் அளவுக்கு அமைதி. அங்கே கேரள அரசு பஸ் மாறி ஜன்னல் சீட் பிடித்தேன். வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம், முண்டக்கயம் என்று இறங்க இறங்க தேயிலை முடிந்து ரப்பர் ஆரம்பிக்கிறது.

எதற்கு இந்தப் பயணம் என்று நேற்று பஸ் ஸ்டாண்டில் நண்பன் கேட்டான். சுற்றிப் பார்க்கத்தான் என்று சொல்லிவிட்டேன், ஆனால் இங்கே உண்மையைச் சொல்கிறேன். போன வருடம் ஜூலையில் கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர், காங்கிரஸ்காரர் உம்மன் சாண்டி இறந்தபோது எங்கள் வீட்டில் டிவியை யாரும் அணைக்கவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் சுமார் 150 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை அவர் உடலை ஏற்றிய வண்டி கடக்க ஒரு முழு நாளுக்கு மேல் ஆனது. நடுராத்திரியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறார்கள், மழையிலும் நகரவில்லை. எங்கள் அப்பா மலையாளம் அரைகுறையாகத்தான் புரிந்துகொள்வார், ஆனாலும் விடிய விடியப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இவரு என்னப்பா பண்ணினாரு?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா கேட்டதற்குக் காரணம் உண்டு. தாத்தா இறந்த பிறகு ஒரு பட்டா மாறுதலுக்காக அவர் 11 மாதம் அலைந்தவர். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நாலு தடவை போனார், நாலு தடவையும் "அண்ணன் சென்னையில இருக்காரு" என்ற பதில்தான். மடித்து மடித்துக் கிழிந்துபோன அந்த மனுவை அப்பா இன்னமும் பீரோவில் வைத்திருக்கிறார்.

அப்பாவுக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். உம்மன் சாண்டி 1970-இல் 26 வயதில், அப்போதைய எம்.எல்.ஏ.வாக இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் இ.எம். ஜார்ஜை 7,288 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்துப் புதுப்பள்ளியில் ஜெயித்தார். அதற்குப் பிறகு 2021 வரை அந்தத் தொகுதியில் நடந்த ஒரு சட்டமன்றத் தேர்தலில்கூட வேறு யாரும் ஜெயிக்கவில்லை. மொத்தம் 12 முறை. நமக்குக் கலைஞர் கணக்கு தெரியும்: 1957 முதல் 2016 வரை 13 முறை, தோல்வியே கிடையாது, ஆனால் குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று தொகுதி மாறிக்கொண்டே இருந்தது. ஒரே ஊரில், தன்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்த அதே சனங்களிடம், 51 வருடம் திரும்பத் திரும்பப் போய் ஓட்டுக் கேட்டு ஜெயிப்பது வேறு விஷயம் என்று எனக்குப் படுகிறது. அதிலும் என்னை இழுத்தது கடைசித் தேர்தல்தான். 2011-இல் 33,255, 2016-இல் 27,092 என்று இருந்த வித்தியாசம் 2021-இல் 9,044-க்கு இறங்கிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு அவரிடம் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

மதியம் ஒன்றரைக்குக் கோட்டயம். தெரிந்தோ தெரியாமலோ அந்தத் தொகுதிக்குள் புகுந்துதான் பஸ் வந்தது. பாம்பாடி, மணர்காடு இரண்டும் இந்தக் குமுளி ரோட்டில்தான் இருக்கின்றன, இரண்டும் புதுப்பள்ளித் தொகுதி. திரும்பும்போது இறங்கிப் பார்க்க வேண்டும். சாயந்திரம் திருநக்கரை மைதானத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 1964-இல் காங்கிரஸிலிருந்து பிரிந்து கேரள காங்கிரஸ் என்ற தனிக் கட்சி பிறந்த இடம் இது, போன ஜூலையில் உம்மன் சாண்டியின் உடலைப் பொதுமக்கள் பார்க்க வைத்திருந்த இடமும் இதுதான். இன்றைக்குப் பசங்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

நாள் 2: சனி, 27 ஜனவரி. பாலா

புதுப்பள்ளிக்கு முன்னால் பாலா என்ற ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கோட்டயத்திலிருந்து ஏற்றுமானூர் வழியாக ஒரு மணி நேரம். உம்மன் சாண்டிக்கு முன்பு இந்த மாவட்டத்தில் அசைக்க முடியாத ஆள் என்றால் அது பாலாவின் கே.எம். மாணிதான். 1965-இல் அந்தத் தொகுதியில் முதலில் ஜெயித்தார் (அந்தச் சட்டமன்றம் கூடவே இல்லை, யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் கலைத்துவிட்டார்கள்), அதிலிருந்து 2016 வரை 13 தேர்தல், 13 வெற்றி. நிதியமைச்சராக 13 பட்ஜெட்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் காதில் விழுந்தது "காருண்யா, காருண்யா" என்ற குரல். சனிக்கிழமை லாட்டரி. ஏழைகளின் இதய ஆபரேஷன், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றுக்குப் பணம் சேர்க்க மாணி நிதியமைச்சராக இருந்தபோது கொண்டுவந்தது. விற்பவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தமிழ்நாடு என்றதும், "உங்க ஊர்லயும் ரெண்டு இலைதானே சேட்டா?" என்றார். அதேதான்! மாணியின் கேரள காங்கிரஸ் சின்னமும் இரட்டை இலை, இங்கே "ரெண்டில" என்கிறார்கள். பாலாவில் சுவர் சுவராக இரட்டை இலையைப் பார்க்கும் ஒரு தமிழனுக்கு முதலில் தலை சுற்றத்தான் செய்யும்.

2016 தேர்தல் மாணிக்குக் கடைசி, ரொம்பவும் கடினமானது. பார் உரிமம் தொடர்பான லஞ்சப் புகாரில் 2015 நவம்பரில் நிதியமைச்சர் பதவியை விட்டு இறங்க வேண்டி வந்தது. ஆறே மாதத்தில் தேர்தல். மாநிலம் முழுக்க இடதுசாரி அலை, எதிரில் அவரைத் தொடர்ந்து எதிர்த்து நின்ற சினிமாக்காரர் மாணி சி. காப்பன். ஆனாலும் 4,703 ஓட்டில் மாணியையே ஜெயிக்க வைத்தார்கள் பாலாக்காரர்கள். 2019 ஏப்ரலில் மாணி இறந்தார். அந்த செப்டம்பரில் இடைத்தேர்தல். கட்சிக்குள் சண்டை வந்ததில் அவர் கட்சி வேட்பாளருக்கு இரட்டை இலையே கிடைக்கவில்லை, அன்னாசிப்பழச் சின்னத்தில் நிற்க வேண்டியதாயிற்று. காப்பன் 2,943 ஓட்டில் ஜெயித்தார். அத்தோடு முடியவில்லை. 2021-இல் மாணியின் மகன் ஜோஸ் கே. மாணியே இரட்டை இலையோடு களத்தில் நின்றும் 15,378 ஓட்டில் தோற்றார். 50 வருடத்துக்கு மேல் அப்பாவைத் தவிர வேறு யாரையும் அனுப்பாத ஊர், மகனை அனுப்பவில்லை.

மீனச்சில் ஆற்றங்கரையில் ஒரு பழக்கடைக்காரரிடம் இதைக் கேட்டேன். அறுபது வயது இருக்கும். அன்னாசியைத் தோல் சீவிக்கொண்டே சொன்னார்: "மாணி சாருக்குப் போட்டது மாணி சாருக்கு. அது சீட்டுக்குப் போட்டது இல்லை." கத்தியை ஓட்டும் வேகத்தில் கண் கண்ணாக வந்த பழத்துண்டுகளில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தார். கதீட்ரலில் மாணியின் கல்லறையைப் பார்த்துவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ராத்திரி கப்பக்கிழங்கும் குடம்புளி போட்ட சிவப்பு மீன் குழம்பும். காரம் நம் ஊர்க் காரத்துக்குச் சளைத்ததில்லை.

நாள் 3: ஞாயிறு, 28 ஜனவரி. புதுப்பள்ளி

ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்துத்தான் திட்டம் போட்டிருந்தேன். ஏனென்றால் உம்மன் சாண்டி முதலமைச்சராக இருந்தாலும் சரி, வெறும் எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் சரி, ஞாயிறு என்றால் புதுப்பள்ளியில் இருப்பார் என்பது ஊரறிந்த கணக்கு. காலையில் பள்ளி (இங்கே தேவாலயத்தைப் பள்ளி என்பார்கள்), அப்புறம் கரோட்டு வள்ளக்காலில் வீடு, வாசலில் மனுவோடு நிற்கும் சனம். திருவனந்தபுரத்தில் கட்டிய வீட்டுக்கும் "புதுப்பள்ளி ஹவுஸ்" என்றுதான் பெயர் வைத்தார்.

கோட்டயத்திலிருந்து எட்டு கிலோமீட்டர்தான், காலை ஏழு மணி தனியார் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. புனித ஜார்ஜ் ஆர்த்தடாக்ஸ் பள்ளியில் குர்பானா, அதாவது திருப்பலி, நடந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் புனிதருக்கு இங்கே கோழி நேர்ச்சை உண்டு, மே மாதத் திருவிழாவில் கோழியும் கையுமாக வருவார்களாம். எனக்கு எங்கள் ஊர் முனியாண்டி கோயில் ஞாபகம் வந்தது.

உம்மன் சாண்டியின் கல்லறை, பாதிரியார்களின் கல்லறைகளை ஒட்டித் தனியாக இருக்கிறது. இறந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, ஆனால் பூ எல்லாம் அன்றன்றைக்கு வைத்தது. மெழுகு உருகி வழிந்து கட்டிக்கட்டியாக உறைந்து கிடக்க, அதன் மேலேயே புது மெழுகுவர்த்தியை நட்டு வைக்கிறார்கள். முன்னால் நின்ற ஒரு பெண் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள், நாலாக மடித்தது. அதைக் கல்லின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு பூச்சரத்தை இழுத்து மேலே வைத்து, அந்த இடத்தை விரலால் இரண்டு முறை அழுத்திவிட்டு நகர்ந்தார். அங்கே அப்படி இன்னும் சில தாள்கள் கிடந்தன. செத்துப்போன எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுதுகிறார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன், ஆனால் படித்ததற்கும் அந்த விரலைப் பார்த்ததற்கும் தூரம் அதிகம். கொஞ்ச நேரம் என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. அப்பாவின் பீரோதான் கண் முன்னால் வந்தது.

பள்ளிக்கு வெளியே சாயாக்கடை. ஞாயிறு கூட்டம், பழம்பொரி தட்டில் விழுந்தவுடன் காலியாகிறது. உட்கார்ந்து 2021 பற்றிக் கேட்க ஆரம்பித்தேன், மாறி மாறிப் பேசினார்கள். நான் ஏற்கெனவே படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நேமம் விவகாரம். 2016-இல் திருவனந்தபுரத்தின் நேமத்தில்தான் பா.ஜ.க. கேரளத்தில் தன் முதல் சட்டமன்ற இடத்தைப் பிடித்தது. அதை அவர்களிடமிருந்து பிடிக்கக் காங்கிரஸுக்குப் பெரிய தலை வேண்டும், உம்மன் சாண்டியை நிறுத்தலாம் என்று 2021 மார்ச்சில் பேச்சு கிளம்பியது. செய்தி வந்ததும் புதுப்பள்ளி கொதித்துவிட்டது. அவர் வீட்டு முன்னால் கூட்டம், பெண்கள் காரை மறித்து அழுகிறார்கள், ஒரு தொண்டர் வீட்டுக் கூரை மேலேயே ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறார். கடைசியில் புதுப்பள்ளியை விட்டுப் போகவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அடங்கியது. "நாங்க விட்டுருவோமா?" என்று சாயாக்கடையில் ஒருவர் இப்போதும் கோபமாகக் கேட்டார், நான்தான் அழைத்துப் போக வந்தவன் என்பது போல.

அப்படி அழுது மறித்த ஊரில் ஒரு மாதம் கழிந்து ஏப்ரல் 6-ஆம் தேதி ஓட்டுப்பதிவு. மே 2-ஆம் தேதி எண்ணியபோது உம்மன் சாண்டிக்கு 63,372, மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் ஜெய்க் சி. தாமஸுக்கு 54,328. 2016-இல் இதே ஜெய்க்குக்குக் கிடைத்தது 44,505. ஆக ஐந்து வருடத்தில் பத்தாயிரம் ஓட்டு அவர் பக்கம் கூடியிருக்கிறது, இவர் பக்கம் எட்டாயிரத்துக்கு மேல் குறைந்திருக்கிறது.

காரணம் ஒன்றல்ல. மாநிலமே இடது பக்கம் சாய்ந்த தேர்தல் அது. 140-இல் 99 இடம் பிடித்துப் பினராயி விஜயன் மறுபடியும் ஆட்சிக்கு வந்தார், இருக்கிற ஆட்சியையே திரும்ப அனுப்பும் வழக்கத்தைக் கேரளம் 1977-க்கு அப்புறம் மறந்தே போயிருந்தது. காங்கிரஸ் கூட்டணியில் இருந்த ஜோஸ் கே. மாணி 2020 அக்டோபரில் இடதுசாரிகளோடு சேர்ந்துவிட்டதால் அந்தக் கட்சியின் ஓட்டும் போனது. அந்த டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலிலேயே தொகுதியின் எட்டுப் பஞ்சாயத்தில் பெரும்பாலானவை இடதுசாரிகள் கைக்குப் போய்விட்டன. உம்மன் சாண்டிக்கும் 77 வயது, உடல்நலம் சரியில்லை.

இதையெல்லாம் விட ஆழமானது சபைச் சண்டை. இங்குள்ள சிரியன் கிறிஸ்தவர்களில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய என்று இரண்டு பிரிவு, பள்ளிகள் யாருக்குச் சொந்தம் என்று பல தலைமுறையாக வழக்கு. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆர்த்தடாக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளியாக யாக்கோபாயர்கள் விட்டு வெளியேற வேண்டி வந்தது. தாத்தா பாட்டியைப் புதைத்த கல்லறைத் தோட்டம்கூடக் கை மாறிப்போகும் என்றால் அந்த வலி சாதாரணமா? உம்மன் சாண்டி ஆர்த்தடாக்ஸ்காரர். ஜெய்க், யாக்கோபாயர்களின் பெரிய பள்ளி இருக்கும் மணர்காட்டுக்காரர்.

என் எதிரில் இருந்த வயதான அம்மச்சி அதுவரை பேசவில்லை. மகளோடு வந்திருந்தார், கட்டன் சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் எழுந்து போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "மோனே, நான் கட்டிப் போன இடம் யாக்கோபாய. அந்தத் தடவை நான் குஞ்ஞூஞ்ஞுக்குப் போடலை." குஞ்ஞூஞ்ஞு என்பது உம்மன் சாண்டியை ஊரில் கூப்பிடும் பெயர். மகள் "அம்மச்சி" என்று கையைப் பிடித்தார். இவர் விடவில்லை. "அவன் தோற்கணும்னு இல்லை. எங்க சங்கடம் அவனுக்குத் தெரியணும்ல? வேற யார்கிட்டப் போய்ச் சொல்றது?" அப்புறம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரருக்குச் சிறுநீரக சிகிச்சை நடந்தபோது ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு உம்மன் சாண்டியே போன் போட்டுப் பேசினாராம். அதையும் அவர்தான் சொன்னார், அதே மூச்சில்.

நான் பஸ்ஸில் வரும்போது 9,044 என்பதை ஒரு சரிவாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மச்சியைக் கேட்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அவர் போட்டது கோபத்தில் தூக்கி எறிந்த ஓட்டு இல்லை, சொல்லும் உரிமை இருக்கிற இடத்தில் சொன்ன குறை. எங்கள் அப்பாவுக்குக் கோபித்துக்கொள்ளக்கூட ஆள் கிடைக்கவில்லையே.

இன்னொரு பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். முதலமைச்சராக இருந்தபோது அவர் நடத்திய மக்கள் தொடர்பு முகாம்களுக்கு 2013-இல் ஐ.நா.வின் பொதுச் சேவை விருது கிடைத்தது. மாவட்டம் மாவட்டமாக, காலையில் ஆரம்பித்து நள்ளிரவு தாண்டியும் நின்றுகொண்டே மனு வாங்கியவர். வில்லேஜ் ஆபீஸில் முடிய வேண்டிய வேலையை முதலமைச்சர் ஏன் செய்கிறார், அப்படியானால் ஆபீஸ் எதற்கு என்று எதிர்க்கட்சிக்காரர்கள் அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வில்லேஜ் ஆபீஸில் 11 மாதம் நின்றவர் மகனாகச் சொல்கிறேன், ஆபீஸ் சரியாகும் வரைக்கும் அந்த மனிதர் எங்கே போவார் என்பதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

வீட்டை வெளியிலிருந்து பார்த்தேன். கேட்டுக்கு முன்னால் ஒரு நாய் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நாள் 4: திங்கள், 29 ஜனவரி. மணர்காடு, பாம்பாடி, வீடு

காலையில் மணர்காட்டில் இறங்கினேன். புனித மரியாள் பள்ளி, செப்டம்பர் 1 முதல் 8 வரை எட்டு நோன்பு என்றால் இந்த ரோட்டில் கால் வைக்க இடமிருக்காதாம். போன வருடம் இடைத்தேர்தல் அந்த நோன்புக்கு நடுவில், செப்டம்பர் 5-ஆம் தேதி வந்தது. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டும் மாறவில்லை. எட்டாம் தேதி எண்ணினார்கள். மகன் சாண்டி உம்மனுக்கு 80,144, மூன்றாவது முறையாக நின்ற ஜெய்க்குக்கு 42,425. வித்தியாசம் 37,719, அப்பா ஒரு முறைகூடத் தொடாத எண்ணிக்கை. பாலாவில் மகனுக்கு இல்லை என்றவர்கள் ஒரு பக்கம், முப்பது கிலோமீட்டர் தள்ளி இப்படி. அனுதாபம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், ஆனால் இந்த ஓட்டில் பாதி, 2021-இல் குறை சொன்னவர்கள் அப்பாவிடம் நேரில் சொல்ல முடியாமல் போனதைத் தீர்த்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு சுவரில் அந்த இடைத்தேர்தல் போஸ்டர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வெளிறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. மழையில் நீலம் கரைந்து ஒருவர் சட்டை மற்றவர் மேல் வழிந்திருந்தது.

பாம்பாடியில் ஒரு மணி நேரம்தான். ரோட்டோரம் ஒரு வீட்டில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள், ஈரத் துண்டு காயப்போட்ட மாதிரி. புளித்த பால் போல ஒரு வாடை. அந்த வீட்டுக்காரர் இடதுசாரி, நேரடியாகவே சொன்னார். 12 தேர்தலில் ஒன்றில்கூட உம்மன் சாண்டிக்குப் போட்டதில்லையாம். 1987-லும் 1991-லும், பின்னாளில் அமைச்சரான வி.என். வாசவன் இங்கே உம்மன் சாண்டியை எதிர்த்து நின்றபோது வீடு வீடாக நடந்தவராம். "தோத்துக்கிட்டே இருந்தோம். ஆனா என் மக கல்யாணத்துக்கு வந்தாரு. பந்தியில உக்காந்து சாப்பிட்டாரு." ஷீட்டைப் புரட்டிப் போட்டார். "சிபாரிசு கேட்டு நான் போனதில்லை. போயிருந்தா செஞ்சிருப்பாரு, அதனாலதான் போகலை."

இரண்டு மணிக்குக் குமுளி பஸ். ராத்திரி எட்டரைக்கு வீடு. அப்பா சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கல்லறை, அந்தப் பெண், பூச்சரத்துக்கு அடியில் வைத்த தாள், எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம், "அந்த மனுவையெல்லாம் யாரு எடுத்துப் படிக்கிறாங்க?" என்றார்.

அதை நான் கேட்டுக்கொண்டு வரவில்லை என்றேன். அடுத்த தடவை போனால் கேள் என்றார்.